தம்பிக்கு இணைந்த கணிதத்துக்கு தனி மாஸ்டர் தேடுறேன், மஸ்கெலியா ஹட்டன் பக்கம் யாராச்சும் உதவுங்க

சாமிமலை அக்கா:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

தம்பி ஏஎல் (உயர்தரம்) மேத்ஸ் படிக்கிறான், முதல் தடவை, எக்ஸாமுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. வீடு சாமிமலை பக்கம் தேயிலைத் தோட்டத்துல, நான் கொழும்புல ஒரு கடையில கேஷியர், அம்மா இன்னும் கொழுந்துக்கு போறாங்க, அப்பா இல்ல. ஓஎல்ல (சாதாரண தரத்துல) கணக்குக்கு ஏ எடுத்த புள்ள, அதனால மேத்ஸ் செய்டான்னு நான்தான் பிடிச்சு தள்ளுனேன். போன டேர்ம் மார்க்ஸ் கெமிஸ்ட்ரி 55, பிசிக்ஸ் 38, இணைந்த கணிதம் 24. இருபத்திநாலு! ஸ்கூல்ல மேத்ஸ் சேர் மாற்றலாகி போயி ஏழு மாசமா அந்த இடத்துக்கு யாருமே வரல, அந்த பீரியட் பூரா பயலுக கிரவுண்ட்ல கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்திருக்கானுக. இப்ப வந்திருக்கிற சேர் நல்லவர்தானாம், ஆனா விட்டுப்போனத திரும்ப எடுக்க நேரமில்லன்னு நேரா அடுத்த பாடத்துக்கு போயிட்டாராம். அவர சொல்லியும் குத்தமில்ல.

ஹட்டன்ல ஒரு குரூப் கிளாசுக்கு ரெண்டு மாசம் அனுப்புனோம். நூறு பேருக்கு மேல, இவன் கடைசி வாங்குல, மைக்ல சேர் குரல் மட்டும்தான் கேக்குமாம், போர்ட் தெரியாதாம். அங்க போயி வர்றதுலயே ஞாயித்துக்கிழமை முடிஞ்சிரும், கடைசி பஸ்ஸ விட்டா த்ரீவீல்தான். அப்புறம் ஒரு மாஸ்டர் வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுக்கிறேன்னாரு, மணித்தியாலத்துக்கு 2500 ரூபா, பெட்ரோல் தனி. அம்மாவோட ஒரு நாள் பேர் காசு (நாள் சம்பளம்) அந்த ஒரு மணித்தியாலத்துக்கே காணாது. நான் மாசம் ஒரு 12000 வரைக்கும் எப்படியாவது ஒதுக்கலாம், அதுக்கு மேல ஏலாது.

ஆன்லைன்னா சிக்னல் பிரச்சின, லயத்துக்கு பின்னாடி தண்ணி டேங்க் மேல ஏறி நின்னாதான் ரெண்டு கோடு வரும், மழை நாள்ல அதுவும் இல்ல. யூடியூப்ல எதையோ ராத்திரி டேட்டால டவுன்லோட் பண்ணி வச்சு பாக்கிறான்.

தனி மாஸ்டர் வைக்கத்தான் வேணுமா? வச்சா மூணு பாடத்துக்குமா? ஒருத்தர் நல்லா படிப்பிப்பாரா இல்லையான்னு எங்கள மாதிரி ஏஎல் செய்யாத ஆக்கள் எப்படி கண்டுபிடிக்கிறது? நான் ஓஎல்லோட நின்னவ, எனக்கு அவன் கொப்பிய பாத்தா ஒண்ணுமே விளங்குறதில்ல.

பூண்டுலோயா பாய்:

24ன்னா சும்மா சல்லிய கொட்டாதீங்க அக்கா. டெக்குக்கு (தொழில்நுட்பப் பிரிவுக்கு) மாத்திவிடுங்க, இல்லாட்டி ஏதாச்சும் கோர்ஸ் செய்ய வைங்க.

சோக்குக்கட்டி:

மேல எழுதுன தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், எட்டு மாசம் இருக்கிறப்ப ஸ்ட்ரீம் மாத்துறது கடைக்கு போயி சட்டை மாத்துற மாதிரி இல்ல. ஓஎல்ல ஏ எடுத்த புள்ளைக்கு ஏழு மாசம் வாத்தியார் இல்லாம 24 வந்தா அது அவனோட மார்க்ஸ் இல்ல, அந்த காலி கதிரையோட மார்க்ஸ்.

மகள், நான் இணைந்த கணிதம் படிப்பிச்சு ரிட்டயர் ஆன ஆள். உங்க மூணாவது கேள்விதான் முக்கியமான கேள்வி, அதனால அத முதல்ல எடுக்கிறேன். மாஸ்டர்கிட்ட சம்பளம் பேசுறதுக்கு முன்னாடி தம்பியோட போன டேர்ம் ஆன்சர் பேப்பர கையில குடுங்க. மார்க்ஸ் இல்ல, அவன் எழுதுன தாள். குடுத்துட்டு பேசாம இருங்க. அத அஞ்சு பத்து நிமிஷம் புரட்டி பாத்துட்டு "இவனுக்கு திரிகோணகணிதம் அடியில ஆடுது, அதனாலதான் தொகையீடும் (இன்டக்ரேஷன்) போகுது" அப்படின்னு அந்த புள்ளைய பத்தி ஒரு வார்த்த சொல்றவர்னா வைக்கலாம். பேப்பர திறக்காமலே "கவலைப்படாதீங்க, முதல்ல இருந்து தியரி எடுத்துருவோம்"னு சொல்றவரா, கும்புட்டு அனுப்பிருங்க. அவர்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு கிளாஸ்தான், அதத்தான் எல்லா வீட்லயும் எடுப்பாரு. இதுக்கு உங்களுக்கு கணக்கு தெரிய வேண்டியதில்ல, அவர் கண் எங்க போகுதுன்னு பாத்தா போதும்.

பேப்பர் அமைப்ப நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கங்க, மாஸ்டர் சொல்றத புடிக்க உதவும். இணைந்த கணிதத்துக்கு ரெண்டு பேப்பர், ஒண்ணு தூய கணிதம், மத்தது பிரயோக கணிதம், ஒவ்வொண்ணும் மூணு மணித்தியாலம். ரெண்டுலயும் ஏ பகுதியில 10 சின்ன கேள்வி, எல்லாம் கட்டாயம், ஒவ்வொண்ணுக்கும் 25 புள்ளி. பி பகுதியில 7 பெரிய கேள்வி, அதுல 5 செய்யணும், ஒவ்வொண்ணுக்கும் 150. ஆக ஒரு பேப்பருக்கு 1000 புள்ளி, அதுல 250 ஏ பகுதியில கிடக்கு. பின்தங்குன புள்ளைக்கு முதல்ல அந்த 250அ வசப்படுத்தி குடுக்கணும், அப்புறம் பி பகுதியில கைவசப்படுற தலைப்பா நாலஞ்ச பொறுக்கி எடுத்து அடிக்கணும். எட்டு மாசத்துல சிலபஸ் முழுசையும் தங்கமா ஆக்கிறேன்னு சொல்றவர நம்பாதீங்க. பெரும்பாலும் தூய கணிதத்துல முதல் கேள்வியே கணிதத் தொகுத்தறிவுதான், ஒண்ணுக்கு உண்மைன்னு காட்டி, பி-ன்னு ஒரு எண்ணுக்கு உண்மைன்னு எடுத்து, பி கூட்டல் ஒண்ணுக்கு நிறுவணும், ஒரு ஒழுங்கு பழகுனா வர்ற கேள்வி. அதையே விட்டுட்டு வர்ற புள்ளைகள எத்தன பேர பாத்திருக்கேன்.

மூணு பாடத்துக்கும் மாஸ்டர் வேண்டாம். இதுக்கு மட்டும் வைங்க. பிசிக்ஸ் 38ல பாதிக்கு மேல கணக்கு பிரச்சினையாத்தான் இருக்கும், காவிகளும் (வெக்டர்) வரைபும் சரியானா அதுவும் கூட வரும்.

தலவாக்கலை அம்மா:

சேர் சொன்னது நூத்துக்கு நூறு. நான் பட்டத சொல்றேன். மூத்தவளுக்கு பயோ, டவுன்ல ஒருத்தர், பேனர்ல எல்லாம் பெரிய பெரிய ரிசல்ட் போட்டிருந்தாரு, தனியா எடுக்கணும்னா மூணு மாச காச முன்கூட்டியே கட்டணும்னு சொன்னாரு, நகைய வச்சு கட்டுனோம். முதல் மாசம் வந்தாரு. ரெண்டாவது மாசம் டியூட் (அச்சடிச்ச பயிற்சித் தாள்) கட்டு ஒண்ண குடுத்துட்டு இத செஞ்சு வைம்மான்னு போனாரு. செஞ்சு வச்சா, அத ஒருத்தரும் திருத்தல. அந்த டியூட் இன்னும் அலுமாரி மேல இருக்கு, சிவப்பு பேனை படாம. காச கேட்டா போன் எடுக்கிறதே இல்ல. அதனால கிளாஸ் முடிய முடிய காசு குடுங்க, இல்லாட்டி மாசக்கடைசியில. முன்காசு மட்டும் வேண்டாம்மா.

சின்னவனுக்கு வேற மாதிரி செஞ்சோம். நாலு புள்ளைகள சேத்தோம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டம், மாஸ்டர் மணித்தியாலத்துக்கு 3000 கேட்டாரு, நாலா பிரிச்சா ஆளுக்கு 750 தானே. இடம் எங்க தோட்டத்து கோவில் மண்டபம், தலைவர்கிட்ட கேட்டு சாவி வாங்கினோம், ஒரு பழைய வெள்ளை போர்ட், மாஸ்டருக்கு தேத்தண்ணிய மாறி மாறி ஒவ்வொரு வீட்ல இருந்தும் அனுப்புனோம். நாலு பேர்னா வெக்கமும் இல்ல, ஒருத்தன் செய்யலன்னா மத்தவன் முகத்த பாக்கணும்ல, அதுக்காகவே செய்வானுக. பொம்பளப்புள்ள இருந்தா இன்னும் நல்லது, திறந்த இடம், பெரியாக்கள் வந்து போயிக்கிட்டு இருப்பாங்க, வீட்டுக்குள்ள தனியா உக்கார வைக்கிற பயம் இல்ல.

பேராதனைப் பொடியன்:

அக்கா நான் பேராதனை இன்ஜினியரிங், நோர்வுட் பக்கம்தான் ஊரு, நானும் ரெண்டாவது ஷையிலதான் (ரெண்டாவது தடவை எழுதித்தான்) போனேன் அதனால தம்பியோட நிலைமை நல்லா தெரியும். ரெண்டு விஷயம்.

முதலாவது அந்த யூடியூப். என்ன வீடியோ பாக்கிறான்னு ஒருக்கா கேளுங்க. இந்தியா தமிழ் வீடியோன்னா பிசிக்ஸ்ல கவனமா இருக்கணும், சொல்லி குடுக்கிறது நல்லாத்தான் இருக்கும், நானும் பாத்திருக்கேன், ஆனா சொல்லு வேற. அவங்க முடுக்கம்பாங்க, நம்ம பேப்பர்ல ஆர்முடுகல். அவங்க திசைவேகம்பாங்க, நமக்கு அது வேகம், அவங்க வேகம்னு சொல்றது நமக்கு கதி. இதெல்லாம் பரவால்ல, பெரிய பொறி நிறைதான். அவங்களுக்கு நிறைன்னா நம்ம திணிவு, நமக்கு நிறைன்னா அவங்க எடை. நான் முதல் தடவை ஒரு மொடல் பேப்பர்ல நிறைன்னு போட்டிருந்தத திணிவுன்னு நினைச்சு மறுபடியும் ஈர்ப்பு ஆர்முடுகலால பெருக்கி, கேள்வி முழுக்க பத்து மடங்கு விடையோட உக்காந்திருந்தேன். அதனால மாஸ்டர் பிடிக்கிறப்பவும் நம்ம தமிழ் மீடியம் சொல்லுல படிப்பிக்கிறவரான்னு பாருங்க. இங்கிலீஷ்லயே படிச்ச சில அண்ணாமார் கெட்டிக்காரங்க, ஆனா படிப்பிக்கிறப்ப அந்த சொல்லு வராம முழிப்பாங்க. மகரகம தேசிய கல்வி நிறுவகம் தமிழ்ல போட்டிருக்கிற வளநூல்களும் ஆசிரியர் வழிகாட்டியும் அவங்க வெப்சைட்லயே சும்மா கிடைக்கும், ஒருக்கா நீங்க கொழும்புல பிரிண்ட் எடுத்து அனுப்பிருங்க. பழைய பேப்பர் பரீட்சைத் திணைக்கள சைட்ல இருக்கு. சல்லி குடுத்து டியூட் வாங்குறதுக்கு முன்னாடி இத பாக்கட்டும்.

ரெண்டாவது, கெம்பஸ்ல (பல்கலைக்கழகத்துல) படிக்கிற பொடியங்கள யோசிங்க. லீவுக்கு ஊருக்கு வர்றப்ப கிளாஸ் எடுக்கிறவங்க எங்க பேட்ச்லயே சிலர் இருக்காங்க, வாத்தியார் அளவு அனுபவம் இல்லதான், ஆனா பேப்பர் எழுதி ரெண்டு மூணு வருஷம்தான் ஆகுது, எங்க தடுக்கி விழுவோம்னு இன்னும் ஞாபகம் இருக்கு, கேக்கிறதும் குறைவு. குறை என்னன்னா எங்களுக்கு எக்ஸாம் வந்தா மாயமா போயிருவோம். அத முதல்லயே பேசிக்கணும்.

சோக்குக்கட்டி:

பொடியன் சொன்ன நிறை கதை என் கிளாஸ்லயும் நடந்திருக்கு. கெம்பஸ் பிள்ளைகள் விஷயத்துல எனக்கு கொஞ்சம் வேற அபிப்பிராயம். விடை தெரிஞ்சவங்கதான், ஆனா புள்ளி எப்படி போடுறாங்கன்னு தெரிஞ்சவங்க இல்ல. விடைத்தாள் திருத்த போற வாத்தியாருக்கு எந்த வரிக்கு எத்தன புள்ளின்னு கையிலயே இருக்கும். ரெண்டையும் கலந்து செய்யலாம்னா செய்ங்க, வாராவாரம் கெம்பஸ் பிள்ளை, மாசத்துக்கு ஒருக்கா ஒரு முழு பேப்பர் எழுத வச்சு வாத்தியார் ஒருத்தர்கிட்ட திருத்தக் குடுக்கிறது. திருத்துறதுக்கு மட்டும்னா நிறைய பேர் குறைஞ்ச காசுக்கு ஒத்துக்குவாங்க, சிலர் சும்மாவே செய்வாங்க.

ஹாலிஎல குமார்:

அக்கா, கெம்பஸுக்கு எடுக்கிறப்ப பாக்கிற இசட் ஸ்கோர பத்தி யாரும் சொல்லல. தம்பிக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் வர்ற மார்க்ஸ்ல இருந்து, அந்த பாடத்த நாடு பூரா எழுதுனவங்களோட சராசரிய கழிச்சு, நியம விலகலால (மார்க்ஸ் எவ்வளவு பரவி இருக்குன்னு காட்டுற எண்) பிரிப்பாங்க, மூணு பாடத்துக்கும் அப்படி வர்றதோட சராசரிதான் இசட் ஸ்கோர். அதனால எல்லாருக்கும் கஷ்டமான பாடத்துல நடுத்தர மார்க்ஸ் எடுத்தாலும் அது நல்ல ஸ்கோரா மாறும், வெறும் மார்க்ஸ பாத்து பயப்பட வேண்டாம்.

அதோட கெம்பஸ்ல இடம் குடுக்கிறப்ப 40 வீதம் நாடு பூரா திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில பின்தங்குன 16 மாவட்டத்துக்கு. நுவரெலியாவும் எங்க பதுளையும் அந்த 16ல இருக்கு, கண்டி இல்ல. நல்ல கிளாஸ் கிடைக்கும்னு சிலபேர் புள்ளைய கண்டியில ஒரு ஸ்கூலுக்கே மாத்திடுறாங்க, அப்படி எதுவும் செய்ய நினைச்சா பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோட கையேட்ல மாவட்டம் எப்படி முடிவாகுதுன்னு படிச்சிட்டு செய்ங்க. கிளாசுக்கு எங்க போனாலும் மாவட்டம் மாறாது, ஸ்கூல் மாறுனாத்தான் வில்லங்கம்.

பச்ச இங்க்:

எல்லாரும் காமன் ஜெனரல (ஏஎல்ல எல்லாருக்கும் பொதுவான பேப்பர்) மறந்துட்டீங்க. அதுல 30 எடுக்காட்டி இசட் ஸ்கோர் எவ்வளவு வந்தும் கெம்பஸ் இல்ல. வாரத்துல ஒரு ராத்திரி பழைய பேப்பர் ஒண்ணு செஞ்சா காணும், மாஸ்டர் தேவையில்ல.

பூண்டுலோயா பாய்:

நான் சொன்னது தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, எங்கண்ணன் மூணு தடவையும் எழுதி மூணும் சரிவராம வீட்ல இருந்தாரு, அந்த கோவத்துல எழுதிட்டேன். நாலு பேர் குரூப் ஐடியா நல்லா இருக்கு. ஆனா மழை காலத்த கணக்குல எடுங்க, 2025 நவம்பர்ல டித்வா புயலுக்கு எங்க பக்கம் ரோடே இல்லாம போச்சு, எக்ஸாமையே பாதியில நிப்பாட்டி ஜனவரியிலதான் மிச்சத்த வச்சாங்க. மாஸ்டர் தூரத்துல இருந்து பைக்ல வர்றவர்னா அந்த மாசங்கள்ல கிளாஸ் விழும். கிட்டத்துல இருக்கிறவரா பாருங்க, கொஞ்சம் பேர் குறைஞ்சவரா இருந்தாலும்.

சாமிமலை அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, வேலை முடிஞ்சு போற பஸ்ல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் ரெண்டு தரம் வாசிச்சேன். தம்பிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டேன். நிறை விஷயத்த கேட்டதுக்கு கொஞ்ச நேரம் பதிலே இல்ல, அப்புறம் "அக்கா நான் அப்படித்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன்"னு மெசேஜ் வந்துச்சு.

சேர், ஒரு சின்ன கேள்வி. பேப்பர குடுத்து பாக்க சொன்னா மாஸ்டர் கோவிச்சுக்க மாட்டாரா? எங்கள சோதிக்கிறாங்கன்னு நினைப்பாருல்ல?

சோக்குக்கட்டி:

கோவிச்சா கோவிச்சுக்கட்டும் மகள். டொக்டர்கிட்ட போறப்ப பழைய ரிப்போர்ட்ட கொண்டு போறோமே, எந்த டொக்டராவது கோவிக்கிறாரா?

சாமிமலை அக்கா:

ரெண்டு கிழமை ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்ல. லீவு போட்டு ஊருக்கு போயி ரெண்டு பேர பாத்தேன். முதலாமவர் பேப்பர கையில வாங்கினாரு, திறக்கல, மேசையில வச்சிட்டு சம்பளத்த பத்தியே பேசினாரு, அதுமேலயே தேத்தண்ணி கோப்பைய வச்சாரு. அந்த வட்டம் இன்னும் பேப்பர்ல இருக்கு.

ரெண்டாவது ஆள் மஸ்கெலியா பக்கத்து மாஸ்டர் ஒருத்தர், வயசானவர், பேனர் எல்லாம் கிடையாது. கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பாத்தாரு, நாங்க மூணு பேரும் மூச்சு விடாம இருந்தோம். அப்புறம் தம்பிய பக்கத்துல கூப்பிட்டு தொகுத்தறிவு கேள்விய காட்டினாரு. எல்லா வரியும் சரியாம், கடைசியில "ஆகவே எல்லா நேர் நிறைவெண்ணுக்கும் உண்மை"ன்னு முடிக்கிற வரிய மட்டும் எழுதாம அடுத்த கேள்விக்கு ஓடியிருக்கான். பிரயோகத்துல விசை கேள்வி மூணுலயும் ஒரு படம்கூட கீறல, நேரா சமன்பாடு எழுதியிருக்கான். "படத்த கீறாம உராய்வு எந்தப்பக்கம்னு உனக்கு எப்படி தம்பி தெரிஞ்சுச்சு?"ன்னு கேட்டாரு. அவன் சிரிச்சுட்டான். டேர்ம் மார்க்ஸ் வந்ததுல இருந்து அந்த பேப்பர அவன் எடுத்து பாத்ததே இல்ல, ஒளிச்சு வச்சிருந்தான், அத நடுவுல வச்சுக்கிட்டு சிரிக்கிறான்னதும் அம்மா அடுப்படிக்கு எழும்பி போயிட்டாங்க.

மணித்தியாலத்துக்கு 2000, ஞாயிறு ரெண்டு மணித்தியாலம், மாசக்கடைசியில காசு. தம்பியோட கிளாஸ்ல இருந்து இன்னும் ரெண்டு பொடியங்க சேந்திருக்காங்க, ஆக ஆளுக்கு மாசம் 5500க்குள்ள வருது, மிச்சத்துல கெமிஸ்ட்ரி பேப்பர் கிளாஸ் ஒண்ணுக்கு விடலாம்னு இருக்கேன்.

நாலாவது ஆள் இன்னும் கிடைக்கல. சாமிமலை, மஸ்கெலியா பக்கம் மேத்ஸ் செய்ற புள்ளைகள் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, பொம்பளப்புள்ளன்னாலும் பரவால்ல, கோவில் மண்டபத்துலதான் கிளாஸ், காலைல எட்டு மணி. வர்றப்ப போன டேர்ம் பேப்பர கொண்டு வர சொல்லியிருக்காரு, எவ்வளவு கேவலமான மார்க்ஸா இருந்தாலும்.